34 லட்ச ரூபாய் வீடும் 48,000 ரூபாய் சம்பளமும்: வேலூரில் முதல் வீடு, ஒரு நிகழ்வு ஆய்வு

சத்துவாச்சாரியில் 8,500 ரூபாய் வாடகைக்குக் குடியிருக்கும் இளம் தம்பதி. கணவருக்கு 28 வயது, ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு காலணித் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். பிடித்தம் போகக் கைக்கு 27,000 வருகிறது. மனைவிக்கு 26 வயது, தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ், கைக்கு 21,000. காட்பாடியைத் தாண்டி லத்தேரி போகும் சாலையில் ஒரு தனி வீட்டைப் பார்த்திருக்கிறார்கள். மனை 1,000 சதுர அடி, கட்டடம் 750 சதுர அடி, விலை 34 லட்சம். தரகர் சொல்கிறார்: "ரெண்டு பேரும் சம்பாதிக்கிறீங்க தம்பி, 30 லட்சம் லோன் தாராளமா கிடைக்கும். ஆடியில யாரும் வரமாட்டாங்க, ஆவணி பொறந்தா வேற பார்ட்டி வந்துடும். ஒரு லட்சம் அட்வான்ஸ் போட்டு வெச்சிடுங்க."

தம்பதியும் வீடும் பயிற்சிக்காக அமைத்தவை. சம்பளம், விலை, வட்டி மூன்றும் கணக்குப் போட்டுப் பார்ப்பதற்கான எடுத்துக்காட்டு. சட்ட விதிகளும் பதிவுக் கட்டண விகிதங்களும் நடப்பில் உள்ளவை. கல்லூரி இறுதியாண்டில் இருப்பவர்களுக்கும், வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருஷம் ஆனவர்களுக்கும் பாடம் எடுப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கடன் பாடத்தைப் பெரும்பாலானோர் "உங்களுக்கு எவ்வளவு கடன் கிடைக்கும்?" என்ற கேள்வியில் தொடங்குகிறார்கள். அது வங்கியின் கேள்வி. வாங்குபவர் கேட்க வேண்டியவை மூன்று: மாதக் கடைசியில் உண்மையில் எவ்வளவு மிஞ்சுகிறது, பதிவு நாளில் ரொக்கமாக எவ்வளவு வேண்டும், அட்வான்ஸ் கொடுக்கும் முன் எந்தக் காகிதங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். அட்வான்ஸ் கொடுத்த நிமிஷத்திலிருந்து பேரம் பேசும் பலம் விற்பவரிடம் போய்விடும். ஆகவே படிக்க வேண்டியதெல்லாம் அதற்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும்.

மாதக் கணக்கு

வகுப்பில் முதலில் ஒரு வெற்றுத் தாளைக் கொடுத்து இந்தத் தம்பதியின் செலவை ஊகித்து எழுதச் சொல்லுங்கள். வாடகை, மளிகை, பெட்ரோல், கரண்ட் வரை எல்லோரும் எழுதுவார்கள். மொய், ஊருக்கு அனுப்பும் பணம், நகைக்கடன் வட்டி ஆகியவை விட்டுப்போகும். பிறகு கீழே உள்ள உண்மைக் கணக்கைக் கொடுங்கள். அவரவர் கணக்கைப் போடுவதென்றால் கடந்த மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்ட், ஜிபே அல்லது போன்பே பட்டியல் இல்லாமல் தொடங்க வேண்டாம். நினைவிலிருந்து எழுதும் பட்ஜெட் எப்போதும் குறைத்தே காட்டும்.

வாடகை 8,500. சாப்பாடு, மளிகை, கேஸ் 11,000. பெற்றோருக்கு 6,000. போக்குவரத்து 3,500. கரண்ட், போன், இன்டர்நெட் 2,500. பைக் தவணை 3,200, இன்னும் 14 மாதம். போன் தவணை 1,900, இன்னும் 5 மாதம். சீட்டு 5,000, 20 மாத ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டில் 9 கட்டியாகிவிட்டது. 1,50,000 ரூபாய் நகைக்கடனுக்கு வருஷ வட்டி 10 சதவீதம் என்றால் மாதத்துக்கு 1,250. விசேஷம், மொய், மருந்து 3,000. மொத்தம் 45,850. மிச்சம் 2,150.

இப்போது கேளுங்கள்: இவர்களால் எவ்வளவு இஎம்ஐ கட்ட முடியும்? வீடு வாங்கினால் வாடகை நிற்கும். ஆக 8,500-உம் 2,150-உம் சேர்த்து 10,650. இதுதான் இன்றைய உண்மையான திறன். இதில் வீட்டு வரிக்கும் பராமரிப்புக்கும், சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடிக்கு அப்பால் போனால் கூடும் பெட்ரோலுக்கும் ஒன்றும் ஒதுக்கவில்லை.

வங்கி போடும் கணக்கு

இந்தச் சம்பள நிலையில் பல வங்கிகள் கைக்கு வரும் தொகையில் சுமார் பாதி வரை தவணைக்குப் போகலாம் என்று வைத்துக்கொள்கின்றன. 48,000-இல் பாதி 24,000. நடப்பில் உள்ள பைக், போன் தவணைகளைக் கழித்தால் 18,900. வட்டி 8.5 சதவீதம், 20 வருஷம் என்றால் ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை 868 ரூபாய். 18,900-ஐ 868-ஆல் வகுத்தால் சுமார் 21.7 லட்சம்.

தரகரின் 30 லட்சம் எங்கிருந்து வந்தது? அவர் காலத்தை 30 வருஷமாக நீட்டிவிட்டார், நடப்புத் தவணைகளைக் கழிக்கவில்லை. 30 வருஷத்துக்கு லட்சத்துக்கு 769 ரூபாய்தான், ஆகவே 30 லட்சத்துக்கு 23,070. பாதிச் சம்பளத்துக்குள் அடங்குவதுபோலத் தெரியும். 360 மாதத்தில் கட்டி முடிப்பது 83 லட்சம்.

மாணவர்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம் இன்னொன்று. வங்கி 18,900 கட்டலாம் என்கிறது, வீட்டுக் கணக்கு 10,650 என்கிறது. மாதத்துக்கு 8,250 ரூபாய் வித்தியாசம். வங்கிக்கு ஊருக்கு அனுப்பும் 6,000 தெரியாது, சீட்டு தெரியாது, மொய் தெரியாது. வங்கி பொய் சொல்லவில்லை. கடன் திரும்பி வருமா என்று அது பார்க்கிறது, குடும்பம் நிம்மதியாகச் சாப்பிடுமா என்று பார்ப்பது அதன் வேலை அல்ல.

கடன் வரலாற்றையும் அட்வான்ஸுக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. மதிப்பெண் 300 முதல் 900 வரை. இந்த நிகழ்வில் கணவரின் போன் தவணை மூன்று முறை தாமதமாகப் பதிவாகியிருக்கிறது. பணம் இல்லாமல் அல்ல: சம்பளம் 7-ஆம் தேதி வருகிறது, தவணைப் பிடித்தம் 5-ஆம் தேதி. கடன் கொடுத்த நிறுவனத்திடம் எழுதிக் கொடுத்துத் தேதியை 10-க்கு மாற்றினால் தீரும் விஷயம். இப்படி இரண்டு நாள் இடைவெளியால் மதிப்பெண் கெட்டவர்கள் ஏராளம், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறோம். அறிக்கையில் தவறான பதிவு இருந்தால் புகார் கொடுக்கலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதன்பின் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

அரசு மானியத்தையும் வகுப்பில் யாராவது கேட்பார்கள். 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டம் 2.0-இன் வட்டி மானியம் ஆண்டு வருமானம் 9 லட்சம் வரை உள்ள, நாட்டில் எங்கும் சொந்தமாகப் பக்கா வீடு இல்லாத குடும்பங்களுக்கானது. வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத மானியம், அதிகபட்சம் 1.80 லட்சம். இது 5 வருஷத் தவணையாகக் கடன் கணக்கில் சேரும். ஆகவே பதிவு நாளுக்கு இதிலிருந்து ஒரு பைசாகூட உதவாது. வீடு திட்டத்தின் எல்லைக்குள் வரும் நகர்ப்பகுதியில் இருக்கிறதா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊராட்சிப் பகுதி வீடுகளில் இது அடிபட்டுப் போகலாம்.

"வரி மிச்சமாகுமே" என்பது பழைய வாதம். சொந்தக் குடியிருப்பு வீட்டுக்கடனின் வட்டிக்கும் அசலுக்கும் உள்ள கழிவுகள் பழைய வரிமுறையில்தான் உண்டு. 2025-26 முதல் புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி கட்ட வேண்டியதில்லை. இந்தத் தம்பதிக்கு மிச்சப்படுத்த வரியே கிடையாது.

பதிவு நாளில் எவ்வளவு பணம்

இதில்தான் முதல் வீடு வாங்குபவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். 34 லட்சத்தில் கடன் 21.7 லட்சம் என்றால் மீதி 12.3 லட்சம் கையிலிருந்து வர வேண்டும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், இரண்டும் சேர்த்து 3,06,000. தரகு 1 சதவீதம் 34,000. வக்கீல் கருத்துரை, பத்திர எழுத்தர் 10,000. வங்கியின் செயலாக்கக் கட்டணம், மதிப்பீட்டாளர், வங்கிக்குப் பத்திரத்தை ஈடாக ஒப்படைத்துப் பதிவு செய்யும் செலவு எல்லாம் சேர்த்து 25,000 என்று வையுங்கள். வீடு மாறுவது, மோட்டார், ஜன்னல் கொசுவலை, கிரகப்பிரவேசம் 60,000. மொத்தம் 16.65 லட்சம்.

கையில் என்ன இருக்கிறது? சேமிப்புக் கணக்கில் 2,10,000, முடிந்த ஆர்டி 90,000. மூன்று லட்சம். பள்ளம் 13.65 லட்சம்.

ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையான வீட்டுக்கடனில் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்கலாம். ஆனால் அந்த மதிப்பு வங்கியின் மதிப்பீட்டாளர் போடும் மதிப்பு, தரகர் சொன்ன விலை அல்ல. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அந்த மதிப்பில் சேராது (10 லட்சத்துக்குள் உள்ள வீட்டுக்கு மட்டும் விலக்கு). பதிவுச் செலவையும் லோனில் போட்டுக்கலாம் என்று யாராவது சொன்னால், அது தனிநபர் கடனாகத்தான் இருக்கும்.

13 லட்சப் பள்ளத்தை மக்கள் எப்படி நிரப்புகிறார்கள்? 5 லட்சம் தனிநபர் கடன், 14 சதவீதம், 5 வருஷம்: தவணை 11,634. இன்னொரு 5 லட்சம் தெரிந்தவரிடம் இரண்டு வட்டிக்கு. இரண்டு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், வருஷத்துக்கு 24 சதவீதம் என்பதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். மாதம் 10,000, அசல் அப்படியே நிற்கும். மிச்சத்துக்கு இருக்கிற நகையெல்லாம் அடகு. வீட்டுத் தவணை 18,900-உடன் சேர்த்தால் 40,534. நகை வட்டியைச் சேர்க்காமலேயே 48,000-இல் இவ்வளவு போய்விடுகிறது. குழந்தை பிறந்து மனைவி ஆறு மாதம் சம்பளமில்லாமல் இருக்க நேர்ந்தால் இந்தக் கணக்கு முதல் மாதமே உடையும்.

தரகர் அடுத்து ஒரு யோசனை சொல்வார்: "கைடுலைன் வேல்யூ 18 லட்சம்தான் தம்பி, அதுக்கே பத்திரம் போட்டுக்கலாம். மீதியைக் கையில குடுத்துடுங்க." கைடுலைன் வேல்யூ என்பது பதிவுக்காக அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு. 18 லட்சத்துக்கு 9 சதவீதம் 1,62,000. மிச்சம் 1,44,000, கேட்க இனிப்பாக இருக்கும். இதை வகுப்பில் முழுவதுமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பத்திரத் தொகை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதை வைத்துத்தான் வங்கி கடன் தரும். 18 லட்சத்தில் 90 சதவீதம் 16.2 லட்சம். 1.44 லட்சத்தை மிச்சம் பிடிக்கப் போய்க் கடனில் 5.5 லட்சம் குறைகிறது. மீதி 16 லட்சத்தை ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். சொத்துப் பரிவர்த்தனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, பணத்தை வாங்கியவருக்கு அதே அளவு அபராதம். கிரயம் முறிந்தால் பத்திரத்தில் இல்லாத பணத்தை நீதிமன்றத்தில் நிரூபிப்பது மிகக் கடினம். பத்து வருஷம் கழித்து விற்கும்போது வாங்கிய விலை 18 லட்சம் என்றே இருக்கும், லாபம் பெரிதாகத் தெரியும், வரியும் கூடும். இதற்குச் சம்மதிக்கவே கூடாது.

பத்திரமும் நிலமும்

விற்பவர் காட்டுவது கிரயப் பத்திரத்தின் ஜெராக்ஸ், 13 வருஷ வில்லங்கச் சான்று, பட்டா. பார்ப்பதற்கு எல்லாம் சுத்தம். 30 வருஷத்துக்குப் போட்டுப் பார்த்தால் கதை வேறு. நிலம் முதலில் விற்பவரின் தாத்தா சுயமாக வாங்கியது. அவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அவருடைய இரண்டு மகன்கள் தங்களுக்குள் பாகப்பிரிவினை எழுதிக்கொண்டார்கள். அவர்களுக்கு ஒரு தங்கை உண்டு, அந்தப் பத்திரத்தில் அவர் கையெழுத்து இல்லை. உயில் இல்லாமல் இறந்த இந்துத் தந்தையின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு 1956 வாரிசுரிமைச் சட்டத்திலேயே உண்டு. "சீர் செஞ்சு கட்டிக் குடுத்தாச்சு" என்பது சட்டத்தில் பங்கைத் தள்ளுபடி செய்யாது. அந்த அத்தையோ, அவர் காலமாகியிருந்தால் அவர் பிள்ளைகளோ தங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாகப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். அது இல்லாமல் வங்கி வக்கீல் கையெழுத்துப் போட மாட்டார். போட்டாலும் வாங்கக் கூடாது.

வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். வாரிசு யார் யார், பதிவாகாத உயில் உண்டா, வாய்மொழிப் பாகம் நடந்ததா, வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்பதெல்லாம் அதில் வராது. "இசி நில்" (வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை) என்பதைச் சொத்து சுத்தம் என்று படிப்பது இளைஞர்களிடம் மட்டுமல்ல, பெரியவர்களிடமும் உள்ள பழக்கம். வாரிசுச் சான்றையும் இறப்புச் சான்றையும் கேட்டு வாங்கி, குடும்பத்தில் பெண்கள் எத்தனை பேர் என்று தெருவில் விசாரிப்பது அவசியம்.

சர்வே எண்ணிலும் கவனம் வேண்டும். 1980-களின் நில ஆவண மேம்பாட்டுப் பணியில் பல கிராமங்களில் எண்களும் உட்பிரிவுகளும் மாறின. பழைய எண்ணிலும் புதிய எண்ணிலும் தனித்தனியாக வில்லங்கம் போட வேண்டும். கிராமம் ஒரு சார்பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டிருந்தால் இரண்டு இடத்திலும் தேட வேண்டும். வடாற்காடு மாவட்டம் 1989-இல் பிரிந்தது, வேலூர் மாவட்டம் 2019-இல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மறுபடி பிரிந்தது. பழைய பத்திரங்களில் மாவட்டம், வட்டம் பெயர் வேறாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஆனால் எந்த அலுவலகத்தில் பதிவானது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, அதாவது 40.47 சதுர மீட்டர். பத்திரத்தில் 1,000 சதுர அடி என்றால் பட்டாவில் சுமார் 93 சதுர மீட்டர் வர வேண்டும். அளவு நாடா எடுத்துப்போய் நான்கு பக்கமும் பிடித்துப் பார்ப்பதற்கு அரைமணி நேரம் போதும்.

மனைப்பிரிவுக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி இருக்கிறதா என்பது அடுத்தது. "பஞ்சாயத்து அப்ரூவல்" என்ற பேச்சை நம்ப வேண்டாம். தலைவர் கையெழுத்து மட்டும் மனைப்பிரிவு அனுமதி ஆகாது. அனுமதியற்ற மனைகளின் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. 2017-இல் வந்த வரன்முறை விதிகள் 2016 அக்டோபர் 20-க்குள் விற்கப்பட்ட மனைகளுக்கு வழி செய்தன. அதன்படி வரன்முறை ஆணை இருந்தால் அசலைப் பார்க்கவும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய மனைப்பிரிவு என்றால் ரெரா (மனை வணிக ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணை அதன் இணையதளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம்.

காகிதம் எல்லாம் சரியாக இருந்தும் நிலம் தப்பாக இருக்கலாம். 2021 நவம்பர் மழையில் பாலாறு இரு கரையும் புரண்டு ஓடியதும், கழிஞ்சூர் ஏரி நிரம்பிக் காட்பாடிப் பக்கத்துக் குடியிருப்புகளில் தண்ணீர் புகுந்ததும் இங்குள்ளவர்களுக்கு நினைவிருக்கும். நில அளவை வரைபடமான புலப்படத்தில் ஓடையோ வாய்க்காலோ மனையை ஒட்டிப் போகிறதா, கிராம நிலங்களின் 'அ' பதிவேட்டில் பக்கத்து எண் நீர்நிலைப் புறம்போக்கா என்று பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒருமுறை போய் நில்லுங்கள். எதிர்வீட்டில் 2021-இல் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று கேளுங்கள், சுவரில் கோடு காட்டுவார்கள். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் வாங்குபவர்கள் போர்வெல் தண்ணீரைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். தோல் கழிவால் பாலாற்றுப் படுகை கெட்டதைப் பற்றி 1996-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு எழுதியிருக்கிறது. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டினால் வாழ்நாள் முழுக்க கேன் தண்ணீர் செலவு.

அட்வான்ஸ் கொடுக்கும் விதம்

இந்த வீட்டுக்கு ஒரு லட்சம் கொடுக்கவே கூடாது. பிடித்து வைக்க ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால் 10,000 ரூபாய், அதுவும் வங்கி வழியாக, விற்பவரின் சொந்தக் கணக்குக்கு. தரகர் கணக்குக்கு அல்ல. ரசீதில் மூன்று வரி இருக்க வேண்டும்: மொத்த விலை, 30 நாளுக்குள் எல்லா மூல ஆவணங்களின் நகலும் தரப்படும், வக்கீல் கருத்து பாதகமாக வந்தாலோ வங்கிக் கடன் மறுக்கப்பட்டாலோ தொகை 15 நாளில் முழுவதும் திரும்பும். இந்த மூன்றாவது வரிக்குச் சம்மதிக்காதவரிடம் பேச்சை நிறுத்திக்கொள்வது நல்லது. பெரிய தொகை கிரய ஒப்பந்தம் எழுதும்போதுதான், அந்த ஒப்பந்தத்தையும் தமிழ்நாட்டில் பதிவு செய்ய வேண்டும்.

வகுப்பில் இரண்டு பேரைத் தரகராகவும் வாங்குபவராகவும் நிறுத்திப் பேச வைக்கலாம். "நாளைக்குச் சொல்றேண்ணா" என்று சொல்லப் பழகுவதற்கே பலருக்கு ஒத்திகை தேவைப்படுகிறது.

வேறு வழி

இந்த வீடு வேண்டாம் என்பது பாதி முடிவுதான். மீதிப் பாதி திட்டம்.

முதல் வேலை நகைக்கடனை மூடுவது. ஆர்டி 90,000, சேமிப்பிலிருந்து 60,000. பணம் 7 சதவீதத்துக்கும் கீழே வட்டி ஈட்டிக்கொண்டிருக்க, 10 சதவீதம் வட்டி கட்டுவதில் பொருளில்லை. மீதி 1,50,000 அவசர நிதி, மூன்று மாதச் செலவுக்குச் சற்று மேல். அதைத் தொடக் கூடாது. மாத மிச்சம் இப்போது 3,400 ஆகிறது. 5 மாதத்தில் போன் தவணை முடிந்ததும் 5,300. 11-ஆம் மாதம் சீட்டு முடியும். பதிவு பெற்ற சீட்டு நிறுவனமாக இருந்து, தள்ளி எடுக்காமல் கடைசிவரை காத்திருந்தால், 5 சதவீதக் கமிஷன் போக 95,000 வரும். அதன்பின் மாத மிச்சம் 10,300. பைக் முடிந்த 15-ஆம் மாதத்திலிருந்து 13,500. முப்பது மாத முடிவில் சேர்வது 17,000, 31,800, 95,000, 30,900, 2,16,000 என மொத்தம் 3,90,700. போனஸ், சம்பள உயர்வு, வட்டி எதையும் இதில் சேர்க்கவில்லை. இந்தத் தொகைகளைப் பயிற்சியில் இருப்பவர்களே போட்டு எடுக்கட்டும், தவணை முடிந்த மறுமாதமே அந்தப் பணம் வேறு செலவுக்குப் போய்விடாமல் தானியங்கி ஆர்டிக்குத் திருப்பப்பட்டால் மட்டுமே இது நடக்கும்.

இந்தப் பணத்தை எங்கே வைப்பது? வங்கி, அஞ்சலகம். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை வைப்புக் காப்பீடு உண்டு. மூன்று வருஷத்தில் வேண்டிய பணத்தைப் பங்குச் சந்தையில் வைக்க வேண்டாம். "லட்சத்துக்கு மாசம் எட்டாயிரம்" என்று வருபவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். 2022-இல் இதே வேலூர் வட்டாரத்தில் அப்படிப் பணம் திரட்டிய நிறுவனத்தின் மீது பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தது, வீடு வாங்கச் சேர்த்த பணத்தையும் நகையை விற்ற பணத்தையும் போட்டவர்கள் அதில் உண்டு.

30 மாதம் கழித்து உண்மையான திறன் 22,000 (மிச்சம் 13,500, வாடகை 8,500). அதில் 4,000 ஒதுக்கி வைத்தாலும் 18,000 தவணை கட்டலாம், 20 லட்சத்துக்கு மேல் கடன் தாங்கும். ஆனால் இப்போது தடுப்பது ரொக்கம். 85 சதவீதம் கடன், 15 சதவீதம் கைப்பணம், 12 சதவீதம் பதிவும் மற்றச் செலவும் என்றால் விலையில் 27 சதவீதம் கையில் வேண்டும். 22 லட்ச வீட்டுக்கு 5.94 லட்சம். அதே வேகத்தில் சேர்த்தால் இன்னும் 15 மாதம், ஆக மொத்தம் 45 மாதம், நாலு வருஷத்துக்குச் சற்றுக் குறைவு. நாலு வருஷமா என்று மாணவர்கள் முகம் சுளிப்பார்கள். அப்போது இரண்டு வட்டிக் கணக்கை மறுபடி காட்டுங்கள்.

இடையில் ஆறு மாதம் ஒத்திகை பார்க்க வேண்டும். 22 லட்ச வீட்டுக்கு 18.7 லட்சக் கடன், தவணை 16,230. வரி, பராமரிப்பு, கூடுதல் பெட்ரோலுக்கு 2,000. வாடகையைக் கழித்தால் 9,730. அதைச் சம்பளம் வந்த மறுநாளே தனிக் கணக்குக்கு அனுப்ப வேண்டும். ஆறு மாதத்தில் ஒருமுறையாவது அதிலிருந்து திரும்ப எடுக்க நேர்ந்தால் பட்ஜெட்டைக் குறைக்க வேண்டும்.

இந்தத் தம்பதிக்கு இன்னொரு வழியும் வைத்திருக்கிறோம். கணவரின் தந்தைக்குக் கணியம்பாடிப் பக்கம் 3 சென்ட் நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்) மனை, அவர் பெயரிலேயே பட்டா. குடும்பத்துக்குள் தான செட்டில்மெண்ட் எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. மனை மதிப்பு 3 லட்சம் என்றால் 6,000 ரூபாயில் முடியும். அதில் 600 சதுர அடி வீடு, சதுர அடிக்கு 2,200 என்றால் 13.2 லட்சம். 80 சதவீதம் கடன் 10.56 லட்சம், தவணை சுமார் 9,170. கைப்பணம் பிற செலவோடு மூன்றரை லட்சத்துக்குள். இரண்டேகால் வருஷத்தில் தொடங்கிவிடலாம். தமிழ்நாட்டில் 2,500 சதுர அடிக்குள்ளான மனையில் தரைத்தளமும் முதல் தளமுமாக 3,500 சதுர அடி வரை கட்ட 2024 முதல் சுயசான்று முறையில் இணையவழி அனுமதி கிடைக்கிறது. வங்கி பணத்தை அடித்தளம், லிண்டல், தளம், பூச்சு என்று கட்டம் கட்டமாக, வேலை முடிந்ததைப் பார்த்த பின்தான் விடும். ஒவ்வொரு கட்டத்தையும் முதலில் கைப்பணத்தில் முடிக்க வேண்டியிருப்பதால் ஒரு லட்சமாவது சுழற்சிக்கு வேண்டும். இல்லையென்றால் லிண்டலோடு வேலை நிற்கும்.

எங்கள் கணிப்பில் இவர்களுக்கு இதுவே நல்ல வழி. சிப்காட்டுக்குத் தினசரிப் பயணம் நீளும் என்பது மெய்யான குறை, அதை மறைக்கக் கூடாது. ஆனால் இரண்டு விஷயம் தீராமல் இதில் இறங்கக் கூடாது. கணவருக்குச் சகோதரி இருந்தால் அவரிடம் முன்பே வெளிப்படையாகப் பேச வேண்டும். இரண்டாவது விஷயம், சொத்தில் மனைவியின் பெயர். மனை மகன் பெயருக்கு மட்டும் வரும், கடனில் மனைவி இணைக்கடனாளியாகக் கையெழுத்துப் போடுவார், அவர் சம்பளத்தில் 20 வருஷம் தவணை போகும், சொத்தில் அவருக்கு எழுத்தில் ஒன்றும் இருக்காது. இது நியாயமில்லை. மகன் பெயருக்கு வந்தபின் பாதியை மனைவிக்குச் செட்டில்மெண்ட் எழுதலாம். கணவன் மனைவிக்கிடையிலும் அதே சலுகைக் கட்டணம்தான், கடன் வாங்கும் முன் செய்துவிட வேண்டும். மனை விலைக்கு வாங்குவதானால், 10 லட்சத்துக்குள் உள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு, 2025 ஏப்ரல் முதல்.

கடன் ஓடும்போது

வட்டி நிலையாக இருக்காது. 8.5 என்பது 9.5 ஆனால் லட்சத்துக்குத் தவணை 868-இலிருந்து 932 ஆகும். வங்கி தவணையைக் கூட்டாமல் காலத்தை நீட்டினால் 240 மாதம் 308 மாதமாகும், அதாவது ஐந்தரை வருஷத்துக்கும் மேல் கூடுதல். இரண்டில் எது வேண்டும் என்று கடனாளியைக் கேட்க வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. கடிதம் வந்தால் படிக்காமல் விடாதீர்கள், முடிந்தால் தவணையைக் கூட்டுங்கள். தனிநபர் மாறும் வட்டிக் கடனில் முன்கூட்டிக் கட்ட அபராதம் இல்லை. வருஷத்துக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டி வந்தால் 20 வருஷக் கடன் சுமார் மூன்றரை வருஷம் முன்னதாக முடியும்.

பிஎஃப் பணத்தை எடுத்துப் போடலாமா என்று கேட்பார்கள். 2024-25-க்கு அதன் வட்டி 8.25 சதவீதம். கடன் வட்டிக்கு ஏறக்குறைய சமம், அதனால் ரொக்கப் பள்ளத்தை மூட மட்டும் எடுக்கலாம், கடனை அடைக்க வேண்டாம். கடனோடு ஒரே தவணையில் பெரிய பிரீமியக் காப்பீட்டைச் சேர்த்துத் தருவார்கள், அது கட்டாயமல்ல. சம்பாதிக்கும் இருவருக்கும் தனி டேர்ம் பாலிசி பெரும்பாலும் மலிவு, வங்கி மாறினாலும் தொடரும். 2024 அக்டோபர் முதல் எல்லாக் கட்டணங்களையும் ஒரே தாளில் காட்டும் முக்கியத் தகவல் அறிக்கையை வங்கி தர வேண்டும். கையெழுத்துக்கு முன் அதை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள்.

பத்திரம் பதிந்ததும் பட்டா மாற்றம், வீட்டு வரி, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு நான்கையும் மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். உட்பிரிவு தேவைப்படும் மனையில் பட்டா தானாக மாறாது, சர்வேயர் வந்து அளக்க வேண்டும், அன்று வீட்டில் ஆள் இருக்க வேண்டும். கடைசித் தவணை கட்டிய 30 நாளுக்குள் வங்கி மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. பத்திரங்களை வாங்கிய கையோடு சார்பதிவகத்தில் ஈட்டு நீக்க ரசீதைப் பதிந்து, புதிதாக ஒரு வில்லங்கச் சான்று போட்டு அதில் கடன் நீங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.